முட்டு பிரிக்கும் நாள்

இது நடந்த சம்பவம். தேதி, நேரம், ஆட்கள் எதையும் மாற்றவில்லை. பேய் என்றால் அமாவாசை ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, நாய் ஊளையிட்ட பிறகுதான் வரும் என்று நம்புகிறவர்கள் வேறு எதையாவது படிக்கப் போகலாம். இங்கே எல்லாம் நடந்தது சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு, ஊரே டீ குடித்துக்கொண்டிருந்த நேரத்தில். நடந்தது நிவேதாவுக்கு. அவளுக்குப் பொய் சொல்ல வராது. வந்திருந்தால் அந்த ஒரு கையெழுத்தைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பாள்.

வேங்கிக்காலிலிருந்து திருவண்ணாமலைக்குள் வருகிற வழியில், புளியமரங்களுக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடம். விதைக்கான மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மூட்டைகளை அடுக்கவும் விவசாயிகள் கூட்டம் போடவும் 1974-இல் கட்டியது. சுவர், தூண், கூரை எல்லாம் வெறும் கான்கிரீட். சுண்ணாம்பு இல்லை, பூச்சு இல்லை, பலகை அடித்து வார்த்த வரிகூட அப்படியே தெரியும். அந்தக் காலத்தில் உலகம் முழுக்க வேண்டுமென்றே அப்படிக் கட்டினார்கள், அது ஒரு பாணி என்று நிவேதா சொன்னால் ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். காண்ட்ராக்டர் பாதியில் கம்பி நீட்டிவிட்டான், அதனால்தான் பூசவில்லை என்பது அவர்கள் கட்சி. அதற்குப் பெயரே பூசாத பில்டிங். ஆட்டோக்காரரிடம் அப்படிச் சொன்னால் போதும்.

அதை மக்கள் கலை மையமாக மாற்றுகிற வேலை நிவேதாவுக்கு வந்தது. வயது முப்பத்தொன்று. கீழ்பென்னாத்தூர் பக்கத்துச் சமணக் குடும்பம். தனியாக எடுத்துச் செய்கிற முதல் பெரிய வேலை. கூத்துக்கு ஒரு கூடம், படிக்க ஒரு அறை, நாயனம் பழக ஒரு அறை. ஒரே ஒரு நிபந்தனை. பிப்ரவரி முடிவதற்குள் திறக்க வேண்டும். இல்லையென்றால் இடித்துவிட்டுக் கடை கட்ட ஆள் தயாராக இருந்தது.

1974-இன் வரைபடம் ஒன்று அவளுக்குக் கிடைத்தது. அதில் கூடத்தின் பின்பக்கம், தரையிலிருந்து பதினாலடி உயரத்தில், ஜனங்கள் உட்கார்ந்து பார்க்க ஒரு பால்கனி இருந்தது. கட்டடத்தில் இல்லை. நிதி போதாமல் விட்டிருப்பார்கள் என்று நினைத்தாள். ஐம்பது வருஷம் கழித்து அந்தக் குறையை நாம் முடித்து வைப்போம் என்று அவளுக்கு ஒரு ஆசை. கொஞ்சம் கர்வம் என்றும் சொல்லலாம். அவளே இப்போது அப்படித்தான் சொல்கிறாள்.

2024 பிப்ரவரி 3, சனிக்கிழமை. பால்கனிக்குத் தளம் போட்டார்கள். தளம் போட்டால் இரண்டு விஷயம் முக்கியம். தளத்தைத் தாங்கக் கீழே நிறுத்தியிருக்கும் முட்டுகளை எடுக்கக் கூடாது. மேலே பாத்தி கட்டி நாள் தவறாமல் தண்ணீர் நிறுத்த வேண்டும். தண்ணீர் இல்லாத கான்கிரீட் பார்க்கக் கல் மாதிரி இருக்கும், உள்ளே பொரியாக இருக்கும். முப்பத்தாறு இரும்பு முட்டுகள் நின்றன. அவ்வளவு நீளத் தளத்துக்கு இருபத்தொரு நாள் கழித்துத்தான் முட்டு பிரிக்கலாம் என்று நிவேதா சொல்லிவிட்டாள். தண்ணீர் விடுவது வாட்ச்மேன் மனைவி சந்திரம்மாளின் வேலை. விட்டாளா என்று பார்த்து, சைட் நோட்டில் டிக் அடிப்பது நிவேதாவின் வேலை.

காண்ட்ராக்டர் பிரகாஷுக்கு இருபத்தொரு நாள் ஒத்துவரவில்லை.

“இருபத்தொண்ணுனா 24ந்தேதி ஆவுது மேடம். அன்னைக்குப் பௌர்ணமி. ஊருக்குள்ள ஒரு வண்டி நொழையாது. சீஃப் கெஸ்டுக்கு 17 விட்டா வேற தேதியே இல்ல.”

“பதினேழுன்னா பதினாலு நாள்தான் ஆவும்.”

“பதினாலே ஜாஸ்தி. நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க. முட்டு பிரிக்கிறத நான் பாத்துக்கறேன்.”

அந்தக் கையெழுத்துதான் விஷயம். போட்டால் பதினேழாம் தேதி சாயங்காலம் பால்கனி மேலே நூறு பேர், கீழே நூறு பேர். போடாவிட்டால் விழா கெடும், கட்டடமே போனாலும் போகும்.

நிவேதா வீட்டில் பொழுது சாய்ந்தபின் சாப்பிடுகிற வழக்கம் இல்லை. வேலை எங்கே இருந்தாலும் அதை விடமாட்டாள். தினமும் ஐந்தரைக்கு ஆட்கள் போய்விடுவார்கள். ஐந்து நாற்பதுக்கு அம்மா மருதேவி போன் செய்து சாப்பிட்டியா என்பாள். நிவேதா டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கூடத்துக்குள் போவாள். முட்டுகளுக்கு நடுவே குளுமையாக இருக்கும். ஒரு முட்டில் சாய்ந்து உட்கார்ந்து, சூரியன் மலைக்குப் பின்னால் போவதற்குள் சாப்பிட்டு முடிப்பாள்.

பிப்ரவரி 8. வியாழன். மணி 5.43.

புளிச்சோற்றில் கை வைத்தாள். தலைக்கு மேலே தளத்தில் சத்தம். சளக்... சளக்... யாரோ தண்ணீர் ஊற்றுகிறார்கள். பலகை இடுக்கு வழியாக ஒரு சொட்டு தோளில் விழுந்தது. ஐஸ் மாதிரி இருந்தது.

“சந்திரம்மா, கீழ நான் இருக்கேன். பாத்து ஊத்துங்க.”

சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மேலேயிருந்து ஒரு பெண் குரல்.

“ஒம்போது நாள்.”

நிவேதா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாப்பிட்டு முடித்து ஏணியில் ஏறிப் பார்த்தாள். பாத்தி நிறையத் தண்ணீர். கணுக்கால் நனைந்தது. இறங்கி வந்து நோட்டில் டிக் அடித்தாள். தண்ணீர், சரி.

பிப்ரவரி 9. மணி 5.44. சளக்... சளக்... “எட்டு நாள்.”

அன்றைக்கு அவளுக்கு ஒன்று உறுத்தியது. சந்திரம்மாளுக்குப் பச்சை ரப்பர் குழாய் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். குழாயில் விட்டால் சர்ரென்றுதான் கேட்கும். இது சிமெண்ட் அள்ளுகிற பாண்டில் மொண்டு ஊற்றுகிற சத்தம். இரும்புப் பாண்டு தரையில் உரசுகிற சத்தம்கூடக் கேட்டது. குழாய் கிழிந்திருக்கும், பாண்டில் ஊற்றுகிறாள் என்று நினைத்தாள். ஏறிப் பார்த்தாள். தண்ணீர் இருந்தது. டிக்.

பத்தாம் தேதி, ஏழு. பதினொன்று ஞாயிறு. அவள் வரவில்லை. பன்னிரண்டாம் தேதி, மணி 5.45, அஞ்சு.

அஞ்சு என்று கேட்டதும் டிபன் பாக்ஸை மூடிவைத்தாள். விரல் விட்டு எண்ணினாள். முட்டு பிரிக்கும் நாள் 24 என்றால் இன்னும் பன்னிரண்டு நாள் இருக்க வேண்டும். இது அந்தக் கணக்கு இல்லை. அஞ்சு நாளில் வருவது பதினேழாம் தேதி. அவள் இன்னும் கையெழுத்தே போடவில்லை.

மறுநாள் காலை கேட்டில் வாட்ச்மேனிடம் கேட்டாள்.

“சந்திரம்மா எங்க?”

“அது ஊருக்குப் போயி ஒரு வாரம் ஆவுது மேடம். அவங்க அம்மாவுக்கு ஒடம்பு முடியல. ஆறாந்தேதியே பஸ் ஏத்தி உட்டுட்டேனே.”

“அப்ப தண்ணி யார் விடறாங்க?”

“பிரகாஷ் சார் ஆள் போட்டிருப்பாருன்னு நெனச்சேன். மோட்டார்கூட அன்னைக்கே எரிஞ்சு போச்சு. குடிக்கவே கேன் தண்ணிதான்.”

பிரகாஷுக்குப் போன் போட்டாள். அவன் கொஞ்சமும் அசரவில்லை.

“நீங்கதான மேடம் டெய்லி டிக் அடிக்கிறீங்க. யாரோ உடறாங்கன்னு நானும் உட்டுட்டேன்.”

அவள் நோட்டைப் பார்த்து அவன் நம்பியிருக்கிறான். ஈரத்தைப் பார்த்து அவள் நம்பியிருக்கிறாள். யார் ஊற்றினார்கள் என்று ஒருத்தரும் பார்க்கவில்லை.

அன்று, பதின்மூன்றாம் தேதி, அவள் கீழே உட்காரவில்லை. ஐந்து நாற்பதுக்கே ஏணியில் ஏறி, தளத்தின் ஓரமாக நின்றாள். தளம் காய்ந்து வெள்ளையாக இருந்தது. பாத்தி காலி. ஒரு சொட்டு ஈரம் இல்லை.

5.46.

சளக்.

அவள் கண் முன்னால் பாத்தியில் தண்ணீர் விழுந்து பரவியது. எங்கிருந்து என்று தெரியவில்லை. சளக்... இன்னொன்று. பாண்டு உரசுகிற சத்தம் அவள் முதுகுக்குப் பின்னால் கேட்டது. திரும்பினாள். யாரும் இல்லை.

காய்ந்த இடத்தில் ஈரப் பாதங்கள். சின்னப் பாதங்கள். ஒவ்வொன்றாக விழுந்தன. அவளைத் தாண்டிப் போயின. தளத்தின் விளிம்பு வரைக்கும் போய்... நின்றன.

அப்புறம் குரல். மேலேயிருந்து இல்லை. கீழேயிருந்து வந்தது. அவள் தினமும் உட்கார்ந்து சாப்பிடுகிற இடத்திலிருந்து.

“நாலு நாள்.”

ஏணியில் எப்படி இறங்கினாள் என்று அவளுக்கு நினைவில்லை. சாலைக்கு வந்து ஒரு டீக்கடை வாசலில் நின்றபோதுதான் மூச்சு வந்தது. அன்று ராத்திரி அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. மறுநாள் லாரியில் தண்ணீர் வரவழைத்து, ஆளை நிறுத்தி, பட்டப்பகலில் தன் கண்ணெதிரே தளம் முழுக்க விடச் சொன்னாள். டிக் அடிக்கக் கை வரவில்லை. ஐந்தரை ஆவதற்குள் கிளம்பிவிட்டாள்.

பதினைந்தாம் தேதி காலை, விழாக் குழுத் தலைவர் நீலகண்டனைப் பார்க்கப் போனாள். கோயில் குருக்கள் குடும்பம். எழுபது வயது. கட்டடத்தை இடிக்க விடாமல் மூன்று வருஷம் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியவர். அந்தப் பால்கனியைப் பற்றி உங்களுக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டாள்.

“வரைபடத்துல இருக்கு, கட்டடத்துல இல்லைன்னு சொன்னேளே. இல்லாம இல்லைம்மா. அப்பவே தளம் போட்டா.”

“அப்புறம்?”

“தெறப்பு விழாவுக்கு நாள் குறிச்சுட்டா. பதினாலாம் நாளே முட்டைப் பிரிச்சா. சாயங்காலம். வேலை முடிஞ்சு கீழ பாண்டு கழுவிண்டிருந்தா நாலு சித்தாள் பொம்மனாட்டிகள். தளத்துக்குத் தண்ணி விட்டதும் அவாதான். அப்படியே அவா மேல விழுந்துடுத்து.”

“ஏன் சார் என்கிட்ட சொல்லல?”

“சொன்னா யாராவது உள்ள வருவாளா? இடிச்சுட்டுக் கடை கட்டிடுவா. அதான் வாயை மூடிண்டேன்.”

அவர் மேல் நிவேதாவுக்குக் கோபம் கோபமாக வந்தது. அதைவிடத் தன் மேல் வந்தது.

பதினாறாம் தேதி பிரகாஷ், முட்டு பிரிக்கலாம் என்கிற கடிதத்தை டைப் அடித்தே கொண்டுவந்தான். அவள் பேனாவைத் தொடவில்லை. விழாவை முற்றத்தில் வையுங்கள், முன்பக்க அறைகளைத் திறந்துகொள்ளுங்கள், கூடம் மட்டும் பூட்டியிருக்கும் என்றாள். அவன் கத்தினான், கெஞ்சினான், இனி இந்த ஊரில் உங்களுக்கு யார் வேலை கொடுக்கிறார்கள் பார்க்கிறேன் என்றான். அவள் கூடத்துக்குப் புதுப் பூட்டு வாங்கிப் போட்டாள். இரண்டு சாவியையும் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

பிப்ரவரி 17. சனிக்கிழமை.

நாலரைக்கு விழா. சீஃப் கெஸ்ட் ரிப்பன் வெட்டினார். முற்றத்தில் கூத்து தொடங்கியது. முந்நூறு பேர் இருந்தார்கள். மத்தளச் சத்தத்தில் பக்கத்தில் பேசுவதுகூடக் கேட்கவில்லை. நிவேதா கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய், கூடத்தின் வாசல்படியில் டிபன் பாக்ஸைத் திறந்தாள். மணி 5.44. மலையின் நிழல் முற்றத்தைத் தொட்டிருந்தது.

5.47.

டங்.

பூட்டிய கதவுக்கு உள்ளே. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். முட்டின் ஆணியைச் சுத்தியலால் தட்டுகிற சத்தம்.

டங்... பிறகு இரும்பைத் தரையில் கிடத்துகிற சத்தம். டங்...

பிரகாஷ் ஆள் விட்டிருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தாள். உள்ளே எப்படிப் போனார்கள் என்று யோசிக்கவில்லை. தளம் விழுந்தால் அந்த ஆட்கள் செத்துப்போவார்கள். அது ஒன்றுதான் மனசில் ஓடியது. பூட்டைத் திறந்தாள்.

“யாரு உள்ள? விட்டுட்டு வெளிய வாங்க.”

யாரும் வரவில்லை.

உள்ளே அரை இருட்டு. சுவரோரமாக முட்டுகள் கிடந்தன. வேலைக்காரர்கள் அடுக்குகிற மாதிரியே, தலைமாடு கால்மாடு பார்த்து, வரிசையாக. முப்பத்தைந்து.

ஒன்று மட்டும் நின்றது.

அவள் சாய்ந்து உட்காரும் முட்டு.

அதன் திருகு சுற்றிக்கொண்டிருந்தது. மெதுவாக... கிரீச்... கிரீச்... பக்கத்தில் கை இல்லை. ஆள் இல்லை.

காதுக்குக் கிட்டே குரல்.

“நவுரும்மா.”

அவள் திருகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நெஞ்சில் ஒரு உள்ளங்கை பட்டது.

ஈரம்.

தள்ளியது.

படிக்கு வெளியே போய் மல்லாக்க விழுந்தாள்.

டங்.

கடைசி முட்டும் சாய்ந்தது.

கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்று... இரண்டு... மூன்று...

விழவில்லை.

பத்து வரைக்கும் எண்ணினாள். கண்ணைத் திறந்தாள். தளம் அப்படியே நின்றது. அதன் அடியில், இருட்டுக்குள், மூச்சு விடுகிற சத்தம். தலையில் பெரிய சுமை இருக்கும்போது விடுவோமே, அந்த மூச்சு. ஒருத்தருடையது இல்லை.

அன்று அவள் சட்டையில் நெஞ்சுக்கு நேராகச் சிமெண்ட் பால் பட்டு, ஐந்து விரலும் பதிந்து காய்ந்திருந்தது. மருதேவி இரண்டு தடவை துவைத்துப் பார்த்துவிட்டு எரித்துவிட்டாள்.

மறுநாள் காலை கூடத்தைப் பார்த்த பிரகாஷுக்கு வாயெல்லாம் பல்.

“எனக்குத் தெரியாம நீங்களே ஆள் உட்டுப் பிரிச்சிட்டீங்களா மேடம்? பாருங்க, நின்னுடுச்சு. இதுக்கா இவ்ளோ பயந்தீங்க?”

அவன் ஆட்களை அனுப்பவில்லை என்று அப்போதுதான் அவளுக்கு உறுதியாகத் தெரிந்தது. நாற்காலி போடலாம் என்றான். அவள் சாவியைக் கொடுக்கவில்லை. வேலூரிலிருந்து கான்கிரீட் சோதிக்கிற என்ஜினீயர் ஒருவரை வரவழைத்தாள். அவர் தளத்தின் ஓரத்தில் மூன்று இடத்தில் துளை போட்டு, உருளை உருளையாக எடுத்துக்கொண்டு போனார்.

பத்து நாள் கழித்துப் போன் வந்தது. அவர் நேராக விஷயத்துக்கு வந்தார்.

“இந்தத் தளத்துக்கு முதல்ல ரெண்டு நாள் விட்டதோட சரி, அப்புறம் சொட்டுத் தண்ணி விடல. லேட்டா விட்டதுல புண்ணியமில்ல. நோட்டுல டிக் அடிச்சது யாருங்க?”

“நான்தான்” என்றாள் நிவேதா. கணுக்கால் நனைந்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

“இருக்க வேண்டிய பலத்துல மூணுல ஒரு பங்குகூட இல்ல. முட்டு இல்லாம இது ஒரு மணி நேரம்கூட நிக்காது. நான் வந்தப்ப ஒரு முட்டும் இல்லையே. அப்புறமாவது எத்தனை வெச்சீங்க?”

“ஒண்ணும் இல்ல சார்.”

உடனே இடித்துவிடுங்கள், இடிப்பதற்கு முன்னால் மறுபடி முட்டு கொடுங்கள், நான் வருகிறேன் என்றார்.

மார்ச் 12. பட்டப்பகல். முட்டு கொடுக்க உள்ளே போக ஆட்கள் தயங்கினார்கள். முதல் முட்டை நிவேதாவே தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு மற்றவர்களும் வந்தார்கள். பிரகாஷும் வந்தான். என்ஜினீயர் வாசலில் மட்டம் பார்க்கும் கருவியை நிறுத்தி, தளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முட்டைத் திருகி இறுக்கினால் தளம் இம்மியாவது மேலே போகும். அதுதான் வழக்கம். கீழே வராது.

காலை 11.20-க்கு முப்பத்தாறாவது முட்டை இறுக்கினார்கள்.

தளம் கீழே இறங்கியது. படாரென்று இல்லை. அலுங்காமல், குலுங்காமல், தலைச்சுமையை இரண்டு கையாலும் பிடித்து இறக்கி வைப்பதுபோல. முட்டுகள் எல்லாம் ஒரே சமயத்தில் முனகின. என்ஜினீயர் கருவியில் மூன்று தடவை பார்த்தார். பதினொரு மில்லிமீட்டர்.

பிரகாஷ் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான்.

அந்த அளவு அவருடைய அறிக்கையில் இருக்கிறது. நகல் நிவேதாவிடம் இருக்கிறது. காரணம் என்ற இடத்தில் அவர் ஒன்றும் எழுதவில்லை. முட்டு சாய்ந்த பதினேழாம் தேதியிலிருந்து அன்று காலை வரைக்கும் இருபத்து நாலு நாள். அத்தனை நாளும் அந்தத் தளம் எதன்மேல் இருந்தது என்று இன்றுவரை ஒருத்தரும் சொல்லவில்லை.